ஆண்டு விழா மேடையில் பிள்ளைகளின் சுருதி எங்கே போகிறது?

பள்ளி ஆண்டு விழாவில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் சேர்ந்து பாடும் பாட்டை வேறெந்தக் கச்சேரிக்காகவும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாட்டு ஒரு சுருதியில் தொடங்கி இன்னொன்றில் முடியும். இரண்டாவது அடிக்குள் பாதிப் பேர் முந்திவிடுவார்கள். ஒரே ஒரு குரல் மட்டும் மற்ற எல்லாக் குரல்களையும் தாண்டிக் கொண்டு கேட்கும். பக்கத்து நாற்காலியில் யாராவது "சுருதியே சேரல, பாவம்" என்பார்கள். அந்தப் "பாவம்" எனக்கு வருத்தம் தரும். மேடையில் நிகழ்வதில் பெரும்பகுதிக்குப் பிள்ளைகளின் திறமையோடு சம்பந்தமே இல்லை. வயதுக்கேற்ற தொண்டை, மண்டபத்தின் சுவர்கள், பெரியவர்கள் தேர்ந்தெடுத்த பின்னணி இசை டிராக், ஸ்பீக்கர் வைத்த இடம் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பாட்டை அப்படி ஆக்குகின்றன.

முதலில் தொண்டை. குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல்நாண்கள் மூச்சுக்காற்றில் அதிர்ந்து குரலை உண்டாக்குகின்றன. பிறந்த குழந்தைக்கு அவற்றின் நீளம் ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டாது. வளர்ந்த ஆணுக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வரும். நாண் குட்டையாக இருந்தால் அதிர்வு வேகம் கூடும். ஆண் இயல்பாகப் பேசும்போது குரல்நாண்கள் விநாடிக்குச் சுமார் 120 முறை அதிர்கின்றன. பெண்ணுக்கு 200க்குச் சற்று மேல். ஐந்து வயதுப் பிள்ளைக்கு 250 முதல் 300 வரை.

நீளத்தைவிட முக்கியமானது உள்கட்டமைப்பு. 1970களில் ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ, குரல்நாண் அடுக்கடுக்காக அமைந்த உறுப்பு என்று காட்டினார். வெளியே நெகிழ்வான மெல்லிய உறை, உள்ளே தசை, இரண்டுக்கும் நடுவே இழைகளாலான தசைநார். மேல் ஸ்வரத்துக்கு ஏறும்போது நாண் இழுபடும். அந்த இழுவிசையைப் பெருமளவு தாங்குவது நடுவிலுள்ள தசைநார்தான். பிறந்த குழந்தைக்கு அது கிடையாது. ஒன்று முதல் நான்கு வயதுக்குள்தான் உருவாகத் தொடங்குகிறது. பெரியவர்களுக்கு இருப்பதுபோல அடுக்குகள் முழுமையாகப் பிரிவது பதின்பருவத்தில். ஆக, யு.கே.ஜி. பிள்ளை மேடையேறும்போது அதன் பாட்டுக் கருவி இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை.

அந்த வயதில் சிரமமில்லாமல் பாடக்கூடிய எல்லை ஏறத்தாழ 290 முதல் 440 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு அத்தனை அதிர்வுகள். நம் கணக்கில் ஒரு ச-வில் தொடங்கி அதன் ப வரை, அவ்வளவுதான். ஒன்றரை ஸ்தாயி (ஒரு ச-விலிருந்து அடுத்த மேல் ச வரை ஒரு ஸ்தாயி) ஏறி இறங்கும் சினிமாப் பாட்டுகள் சாதாரணம். ஆண் பாடகருக்காக அமைத்த அதே சுருதியில் கரோக்கி டிராக்கைப் போட்டுவிட்டு முப்பது பிள்ளைகளைப் பாடச் சொன்னால், கீழ் ஸ்வரங்கள் வரும்போது அவர்கள் பாடுவதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பிப்பார்கள். மேல் ஸ்வரங்கள் வரும்போது கத்துவார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை.

மூச்சும் அப்படியே. வளர்ந்தவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை மூச்சு விடுகிறோம். ஐந்து வயதில் அது 20க்கு மேல். நுரையீரலின் கொள்ளளவும் சிறியது. நீளமான அடியைப் பாடும்போது பிள்ளை சொல்லின் நடுவிலேயே நிறுத்தி மூச்சு வாங்குகிறது என்றால், அங்கே காற்று தீர்ந்துவிட்டது என்று பொருள். ஒத்திகையில் எத்தனை முறை அதட்டினாலும் தீர்ந்த காற்று திரும்ப வராது. அடியைச் சின்னதாக வெட்டிக் கொடுத்தால் வரும்.

இனி காது. சரியான ஸ்வரத்தைப் பிடிக்க மூளை ஒரு சுற்று வேலை செய்கிறது. கேட்ட ஒலியை நினைவில் வைக்க வேண்டும், குரல்நாணை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கணிக்க வேண்டும், வெளிவந்த தன் குரலைக் கேட்டுத் திருத்த வேண்டும். கடைசிப் படி அறுந்தால் முதல் இரண்டும் வீண். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தச் சுற்று பழகப் பழகத்தான் இறுகுகிறது. இன்னொரு பிள்ளையின் குரலைக் கேட்டோ பெண்குரலைக் கேட்டோ ஸ்வரத்தைப் பிடிப்பது அவர்களுக்கு எளிது. ஆண்குரல் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பதால், அதை மேல் ஸ்தாயிக்கு மாற்றிப் பாடும் கூடுதல் வேலை அவர்கள் தலையில் விழுகிறது. அப்பா சொல்லிக்கொடுத்தால் தடுமாறும் பிள்ளை, அக்கா பாடிக் காட்டியதும் பிடித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

தன் குரலைத் தானே கேட்பது மேடையில் எவ்வளவு கடினம் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. சுவீடனில் சேர்ந்திசையின் ஒலியியலை ஆராய்ந்த ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோம், பயிற்சி பெற்ற பாடகர்கள்கூடத் தங்கள் குரல் சுற்றியுள்ள குரல்களைவிடச் சராசரியாக 6 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடுதலாகத் தங்கள் காதில் விழ வேண்டும் என்று விரும்புவதைக் கண்டார். தோளோடு தோள் ஒட்டி மூன்று வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு அது கிடைக்குமா? கிடைக்காதபோது குரல் தானாகவே உயர்கிறது. 1911இல் பிரெஞ்சு மருத்துவர் எட்டியன் லொம்பார்டு விவரித்த விளைவு இது: சுற்றுப்புறச் சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். ஒருத்தி உயர்த்தினால் பக்கத்தில் இருப்பவனும் உயர்த்துவான். ஸ்பீக்கரில் டிராக் அதிர்ந்தால் எல்லோரும் உயர்த்துவார்கள். சத்தத்துக்காகக் காற்றழுத்தம் கூடும்போது அதிர்வெண்ணும் சேர்ந்து ஏறும். மூன்றாம் சரணத்தில் மொத்தக் கூட்டமும் சுருதிக்கு மேலே போய் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மைக் செட்காரரிடம் டிராக்கின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாலே பாதிக் கத்தல் அடங்கும்.

ஒரு பிள்ளையின் குரல் மட்டும் தனியாகக் கேட்பது ஏன்? குரல்கள் கூடும்போது சத்தம் நாம் நினைக்கும் விதத்தில் கூடுவதில்லை. ஒரே அளவில் பாடும் ஒருவர் இருவரானால் 3 டெசிபெல் ஏறும். முப்பது பேரானால் சுமார் 15. ஒவ்வொரு 10 டெசிபெல்லுக்கும் சத்தம் இரட்டித்ததாக நம் காது உணர்வதால், முப்பது பிள்ளைகளின் பாட்டு ஒரு பிள்ளையின் பாட்டைப்போல ஏறத்தாழ மூன்று மடங்காக மட்டுமே ஒலிக்கும். இதை மறுபக்கமிருந்து பாருங்கள்: மற்றவர்களைவிட 10 டெசிபெல் அதிகமாகப் பாடும் ஒரு பிள்ளை பத்துப் பிள்ளைகளுக்குச் சமம். அந்தப் பிள்ளை மைக் முன்னால் நின்றுவிட்டால் மொத்தப் பாட்டும் அதன் சுருதிதான்.

இத்தனை இருந்தும் அந்தப் பாட்டு இனிக்கிறதே, அது பாசத்தால் மட்டுமா? அதற்கும் ஒலியியலில் இடமிருக்கிறது. ஒருவர் கொஞ்சம் மேலே, ஒருவர் கொஞ்சம் கீழே என்று குரல்கள் சிதறும்போது, காது ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடை போடுவதில்லை. அந்தச் சிதறலின் நடுவை ஸ்வரமாக எடுத்துக்கொள்கிறது. சற்றே வேறுபட்ட அதிர்வெண்கள் ஒன்றோடொன்று மோதி மினுக்கம் போன்ற ஏற்ற இறக்கத்தை உண்டாக்குகின்றன. சேர்ந்திசைக்கே உரிய அகலமும் மென்மையும் அதிலிருந்து வருவதுதான். முப்பது பேரின் பிழைகள் முப்பது திசையில் இருக்கும்வரை கூட்டம் சுருதிக்கு அருகிலேயே நிற்கும். எல்லோரும் உரத்த ஒருவரைப் பின்தொடரும்போதுதான் நடுவே நகர்ந்துவிடுகிறது.

பாட்டின் ராகமும் உதவும். தமிழ்த்தாய் வாழ்த்தை எடுத்துக்கொள்வோம். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது மோகன ராகத்தில், திஸ்ர (மூன்று எண்ணிக்கை) தாளத்தில், 55 விநாடியில் பாட வேண்டும் என்று வகுத்தார்கள். மோகனத்தில் ச, ரி, க, ப, த என்று ஐந்தே ஸ்வரங்கள். அடுத்தடுத்த ஸ்வரங்களுக்கு நடுவே ஒரு முழு ஸ்வர இடைவெளியாவது இருக்கும். சில இடங்களில் ஒன்றரை. அரை ஸ்வர நெருக்கம் எங்கும் இல்லை. ஒரு பிள்ளை கால் ஸ்வரம் விலகினாலும் தான் சேர வேண்டிய ஸ்வரத்துக்குத்தான் பக்கத்தில் நிற்கும். மாயாமாளவகௌளை ராகத்தில் ச-வும் ரி-யும் அரை ஸ்வரத்தில் ஒட்டி நிற்கின்றன; அதே கால் ஸ்வர விலகல் இரண்டுக்கும் நடுவே கொண்டுபோய் விட்டுவிடும். மழலையர் வகுப்புக்குப் பாட்டுத் தேடும் ஆசிரியைகளுக்கு என் வேண்டுகோள், மோகனத்தில் அமைந்த எளிய பாட்டுகளிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான்.

தாளம் ஏன் ஓடுகிறது என்பதற்கும் விடை உண்டு. பிள்ளைகளை அவர்கள் இஷ்டப்படி மேசையில் தட்டச் சொன்னால், நான்கு முதல் ஆறு வயதில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே சுமார் 400 மில்லி விநாடி இருக்கும். பெரியவர்களுக்கு அது 600 அளவில். நமக்கு இயல்பாகப்படும் நடை அவர்களுக்கு இழுவையாக இருக்கிறது. தங்கள் இயல்பான வேகத்தை நோக்கி ஓடுகிறார்கள். மேடைப் பதற்றம் அதைக் கூட்டுகிறது. மண்டபமும் தன் பங்குக்குக் கெடுக்கிறது. ஸ்பீக்கர்கள் மேடையின் முன்விளிம்பில் பார்வையாளர்களைப் பார்த்து நிற்கும். பிள்ளைகள் அவற்றுக்குப் பின்னால். 25 மீட்டர் தள்ளியுள்ள பின்சுவரில் மோதித் திரும்பும் ஒலி அவர்களை அடைய ஏறத்தாழ 145 மில்லி விநாடி ஆகும், அதாவது அவர்களுடைய ஒரு தட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். முன்வரிசை டிராக்கோடும் பின்வரிசை எதிரொலியோடும் பாடினால் யாரைக் குறை சொல்வது? மேடைப் பக்கம் திருப்பி வைத்த ஒரு சிறிய ஸ்பீக்கர் இதைப் பெருமளவு சரிசெய்யும்.

அதைவிடச் சிறந்த மருந்து மேடைக்குக் கீழே, முதல் வரிசைக்கு முன்னால் இருக்கிறது. மிஸ் ஒருவர் பிள்ளைகளைப் பார்த்தபடி கைதட்டி, வாயசைத்து, அபிநயம் பிடித்துக்கொண்டே இருப்பார். லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் செபாஸ்டியன் கிர்ஷ்னரும் மைக்கேல் டொமசெல்லோவும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை முதல் நாலரை வயதுப் பிள்ளைகள் இயந்திரத்தோடும் ஸ்பீக்கரில் வரும் ஒலியோடும் தாளம் தட்டுவதைவிட, எதிரில் ஒரு மனிதர் தட்டும்போது நன்றாக ஒத்துத் தட்டினார்கள். 2010இல் அதே இருவர், சேர்ந்து பாடி ஆடிய நான்கு வயதுப் பிள்ளைகள் அதன்பின் ஒருவருக்கொருவர் உதவுவதும் கூடுகிறது என்று காட்டினார்கள். ஆண்டு விழாவில் அந்த மிஸ்ஸின் தலை மறைக்கிறது என்று யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளின் தாளம் அவர் கையில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுருதி சேராத பிள்ளையிடம் "நீ வாயை மட்டும் அசை" என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. என்னிடம் அப்படிச் சொன்னார்கள் என்று நாற்பது வயதிலும் மறக்காமல் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் அதற்குப் பிறகு பாடியதே இல்லை. ஸ்வர வேறுபாட்டையே மூளை பிரித்தறியாத பிறவிக் குறைபாடு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அது நூற்றில் சிலருக்கு மட்டுமே. மற்றவர்களுக்குக் கேட்பது, பாடுவது, திருத்துவது என்ற சுற்றுப் பழக்கம்தான் தேவை. வாயசைப்பில் அந்தச் சுற்று ஓடவே ஓடாது. ஆறு வயதில் தொண்டைக்கே அவகாசம் தேவைப்படும்போது, பாடக் கூடாது என்று தீர்ப்பெழுத நமக்கு என்ன அதிகாரம்?

கடைசியாக, நாற்காலியில் இருக்கும் நாம். முப்பது குரல்களுக்கு நடுவே தன் பிள்ளையின் குரல் கேட்டதாக எல்லாப் பெற்றோரும் சொல்கிறோம். கேட்கத்தான் செய்கிறது. பல பேச்சுகளுக்கு நடுவே ஒன்றை மட்டும் பின்தொடரும் ஆற்றலை 1953இல் காலின் செர்ரி ஆராய்ந்தார். இரு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம், அதிகபட்சமே ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு, திசையைப் பிரிக்கப் போதுமானது. உதடுகளைப் பார்க்க முடிந்தால் இரைச்சலிலும் சொற்கள் தெளிவாகும் என்று 1954இல் சம்பியும் பொல்லாக்கும் காட்டினார்கள். நன்கு பழகிய குரலை மற்றக் குரல்களிலிருந்து பிரிப்பது எளிது என்பதை 2013இல் கணவன் மனைவியரின் குரல்களைக் கொண்டு இங்கிரிட் ஜான்ஸ்ருட் குழுவினர் சோதித்தறிந்தார்கள். இவற்றோடு, வீட்டில் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே பலநூறு முறை கேட்டு மனப்பாடமான பாட்டு அது. ஒரு சொல்லின் நடுவிலிருந்து ஓர் ஒலியை மட்டும் எடுத்துவிட்டு இருமலை வைத்தாலும் கேட்பவர்கள் முழுச்சொல்லையும் கேட்டதாகவே உணர்ந்ததை ரிச்சர்ட் வாரன் 1970இல் காட்டினார். அதுபோல நம் மூளை மறைந்த துண்டுகளை நிரப்பிக்கொள்கிறது. இதைக் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். இரைச்சலான உலகில் செவிப்புலன் எப்போதும் செய்யும் வேலை இதுதான்.

கைப்பேசி இதில் எதையும் செய்யாது. அதன் மைக்குகள் நம் இரு காதுகளைப் போல அமைந்தவை அல்ல. நடுவே தலை இல்லை. சத்தம் கூடினால் தானாகக் குறைத்து, குறைந்தால் கூட்டி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். பக்கத்தில் அழும் குழந்தையும் மேடையில் பாடும் பிள்ளையும் அதற்கு ஒன்று. மண்டபத்தில் நமக்குத் தெளிவாகக் கேட்ட குரல் வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டால் காணாமல் போவது இதனால்தான். என் மகள் வகுப்புப் பெற்றோரில், மேடைக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும் ஒருவர் மட்டும் பதிவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம். மற்றவர்கள் கையை இறக்கிவிட்டுப் பிள்ளையின் உதடுகளைப் பார்க்கிறோம்.