தீப்பொறி முந்தல்: சொல் விளக்கம்

பழைய வண்டி இஞ்சின்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் ‘தீப்பொறியை முன்னேற்றவும்’ என்ற வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் பொறி எப்போது விழ வேண்டும் என்பதை, வைக்கும்போது சொல்லப்படும் ‘அட்வான்ஸ்’தான் இங்கே முன்னேற்றம் ஆகியிருக்கிறது. அதற்கு எதிரான, பொறியைத் தாமதிக்கும் ‘ரிடார்ட்’ என்பதற்கு ‘மந்தப்படுத்தல்’ என்கிறார்கள். இரண்டுமே தவறு. முதலாவது ஆபத்தான தவறும்கூட.

வேர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இக்னிஷன், நெருப்பைக் குறிக்கும் ‘இக்னிஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வடமொழி அக்னிக்கு உறவுச் சொல். ரிடார்டின் வேர் ‘டார்டுஸ்’, மெதுவான என்று பொருள். அட்வான்ஸுக்குள் இருப்பது ‘அன்டே’, அதாவது ‘முன்’.

எதற்கு முன்? பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன். பெட்ரோல் கலவை எரிந்து அழுத்தம் எழச் சற்று அவகாசம் வேண்டும். அதனால் பிஸ்டன் மேலேறிக்கொண்டிருக்கும்போதே பொறி விழ வேண்டும். நிமிடத்துக்கு 600 சுற்றில் ஒரு சுற்றுக்கு 100 மில்லிவினாடி கிடைக்கிறது. 3,000 சுற்றில் 20 மில்லிவினாடிதான். எரிவதற்கு வேண்டிய அவகாசமோ அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. ஆகவே வேகம் கூடக்கூடப் பொறி இன்னும் முந்த வேண்டியிருக்கிறது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று விரியும் சிறு எடைகள் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

முந்துவது. இந்தச் செயலுக்குத் தமிழில் இருக்கும் வினை இதுதான். இதை விட்டுவிட்டு ஏன் முன்னேற்றத்துக்குப் போனார்கள்? அகராதியில் அட்வான்ஸுக்கு எதிரே முதலில் இருந்த சொல்லை எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. முன்னேற்றம் என்றால் வளர்ச்சி, மேம்பாடு. ‘தீப்பொறி முன்னேற்றம்’ என்று படிக்கும் மாணவன், பொறி வலுவாக அடிக்க வழி சொல்கிறார்கள் என்றே எண்ணுவான். பிளக்கையும் காயிலையும் மாற்றப் போவான். மேம்பாடு என்ற பொருளே இங்கு கிடையாது. பொறி அளவுக்கு மீறி முந்தினால் இஞ்சின் தட்டும், கிக்கர் காலைத் திருப்பி உதைக்கும். அதை முன்னேற்றம் என்று எந்த வாயால் சொல்வது?

அந்தச் சொல்லை ‘முன்னோக்கி நகர்த்து’ என்று இடப்பொருளில் எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம். டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை, உள்ளே ரோட்டர் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால்தான் பாயிண்ட் (திறக்கும்போது பொறியை விழவைக்கும் சிறு சுவிட்ச்) சீக்கிரமே திறந்து பொறி முந்தும். முன்னேற்றச் சொன்னார்களே என்று ரோட்டர் போகும் திசையிலேயே திருப்புகிறவனுக்குப் பொறி பிந்திப் போகும். கேட்டதற்கு நேர் எதிரான விளைவு! இஞ்சின் சூடேறுகிறது, இழுவை இல்லை என்று அவன் கார்புரேட்டரைக் கழற்றத் தொடங்குவான். ‘பொறி முந்த வேண்டும்’ என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

இக்னிஷன் டைமிங்கை ‘எரியூட்டு நேரம்’ என்பதையும் ஏற்க முடியவில்லை. சமையல் நேரம், பயண நேரம் என்பதுபோல, எவ்வளவு நேரம் எரிகிறது என்றே அது காதில் விழும். திருவொற்றியூரில் உருவான பழைய வார்ப்பிரும்பு இஞ்சின் புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைக்க வேண்டும். இடைவெளி மாறினால் பொறி விழும் இடமும் மாறிவிடும். பிறகு பிஸ்டன் மேலேறிக் கலவையை அழுத்தும் வீச்சில் அதை உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே நிறுத்த வேண்டும். சாவியைப் போட்டால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரின் முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். திறக்கும் கணத்தில் நடுவுக்குத் துள்ளும். அந்தத் துள்ளல் இந்த 0.8-இல் நிகழ வேண்டும். இங்கே அளப்பது மில்லிமீட்டரை. கார்களில் டிகிரியை. கடிகாரம் எங்குமே வருவதில்லை. தக்க கணம் என்ற பொருள் தரும் ‘தருணம்’தான் பொருந்தும்: தீப்பொறித் தருணம்.

எரியூட்டல் என்றாலே செய்தித்தாள் வாசகருக்குத் தகனம்தான் நினைவுக்கு வரும். பற்றவைப்பு நல்ல சொல்தான், ஆனால் வெல்டிங்குக்குப் பாடநூல்கள் அதை எப்போதோ கொடுத்துவிட்டன. ஒரே பட்டறையில் இரண்டு பற்றவைப்பு வேண்டாம். வெறும் ‘பொறி’ என்றால் எந்திரத்தோடு குழம்பும். எனவே தீப்பொறி என்று முழுதாகவே எழுதலாம். முந்தலுக்கு இணை பிந்தல். ‘பிந்திவிட்டது’ என்பது இலங்கைத் தமிழில் இன்றும் அன்றாடப் பேச்சு. புதிதாக எதையும் உருவாக்கத் தேவையில்லை.

தமிழில் எழுத வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஸ்பேனரைத் தொடாமல், தொட்டவரிடமும் கேட்காமல் மொழிபெயர்ப்பவர்கள், தமிழில் தொழில்நுட்பம் புரியாது என்ற பழியைத் தமிழின் தலையில் சுமத்துகிறார்கள். பாயிண்டைத் ‘தொடர்புப் புள்ளி’ என்று எழுதுவதும் இதே பழக்கத்தால்தான். அங்கே புள்ளியும் இல்லை, தொடர்பும் இல்லை. ஒன்றையொன்று தொட்டு விலகும் இரண்டு உலோக முனைகள் இருக்கின்றன. ‘தொடுமுனை’ என்று எழுதலாம். மனம் வராவிட்டால் பாயிண்ட் என்றே விட்டுவிடலாம்; மெக்கானிக்குக்காவது புரியும்.