மரபுவழி, சூழல்: சொல் விளக்கம்

பாம்பனில் 'பரம்பரை மீனவர்' என்றால் தொழிலைக் குறிக்கிறது. மருத்துவர் 'பரம்பரையில் யாருக்காவது சர்க்கரை உண்டா?' என்று கேட்டால் உடம்பைக் குறிக்கிறது. இரண்டையும் ஒரே சொல் சுமப்பதால்தான், கடலோடி மகனுக்கு நீச்சல் 'ரத்தத்திலேயே ஊறியது' என்று கூசாமல் சொல்லிவிடுகிறோம்.

பரம்பரை வடசொல், ஒன்றன்பின் ஒன்றாக வருவது என்று பொருள். பாரம்பரியம் அதிலிருந்து பிறந்தது. உயிரியல் பொருளில் வரும் 'ஹெரிடிட்டி'க்கு மரபுவழி என்பதே தெளிவான தமிழ். 1909இல் டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோகான்சன் சூட்டிய 'ஜீன்' நமக்கு மரபணு ஆனது. ஆனால் தொல்காப்பியத்தின் 'மரபியல்' என்ற பகுதியில் மரபணுவைத் தேட வேண்டாம். அங்கே இருப்பவை உயிர்களின் இளமையைக் குறிக்கும் பார்ப்பு, பறழ், குட்டி போன்ற பெயர் வழக்குகள். பழந்தமிழில் மரபு என்றால் வழக்கம்.

சூழல், 'சூழ்' என்ற வினையடியில் பிறந்தது. கல்வி உளவியல் நூல்கள் சூழ்நிலை என்று எழுதுகின்றன. அது இன்று 'அப்போதைய நிலைமை' என்றே காதில் விழுவதால், சூழலே மேல். வீடு, உணவு, கூட்டாளிகள், கடல் எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல. அந்தமான் கடலில் நாடோடிகளாக வாழும் மோக்கென் இனச் சிறுவர்கள் நீருக்கடியில் கண்மணியைச் சுருக்கி, ஐரோப்பியச் சிறுவர்களைவிட இரு மடங்கு தெளிவாகப் பார்ப்பதை 2003இல் ஓர் ஆய்வு காட்டியது. பிறவிக்கூறு என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் பயிற்சி கொடுத்ததும் ஐரோப்பியச் சிறுவர்களுக்கும் அது கைவந்தது. கடலில் மூழ்கிப் பிழைக்கும் இந்தோனேசியாவின் பஜாவ் மக்கள் கதை நேர்மாறு. மூச்சடக்கி மூழ்க உதவும் உறுப்பான மண்ணீரல் அவர்களுக்கு அண்டை ஊராருடையதைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு பெரிது என்று 2018இல் தெரியவந்தது. மூழ்கும் தொழில் செய்யாத பஜாவ்களுக்கும் அப்படியே இருந்ததால், அதை மரபணுவோடு சேர்த்தார்கள்.

மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரத்தில், விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களின் மூச்சடக்கும் திறன் எந்த வகை? சோதித்துப் பாராமல் அதை 'மரபுவழித் திறன்' என்று எழுதுவது பிழை. சிறுமியாக இருந்தபோதே தாயுடன் இறங்கிப் பழகியவரென்றால், அந்தப் பழக்கத்துக்குச் சூழல் என்று பெயர். பாசி எடுப்பதைப் 'பரம்பரைத் தொழில்' என்று எழுதுவதில் மட்டும் தவறில்லை.