ஒரு யூனிட் மணலை அளப்பது எப்படி?

கட்டட வேலையில் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓர் அடியாக உள்ள பெட்டியில் நூறு பெட்டி மணல். மெட்ரிக் கணக்கில் சுமார் 2.83 கன மீட்டர்.

லோடு வந்ததும் லாரி பாடியின் உட்பக்க நீளத்தையும் அகலத்தையும் டேப் பிடித்து எடுங்கள். வெளிப்பக்கம் அளந்தால் தகட்டின் தடிமனும் மணலாகக் கணக்கில் ஏறிவிடும். ஆழத்துக்கு, பாடியை ஆறு சம கட்டங்களாக நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய கம்பியை அடித்தகடு தட்டும்வரை இறக்கி, சராசரி எடுக்க வேண்டும். குவிந்திருக்கும் நடுப்பகுதியில் மட்டும் குத்திப் பார்த்தால் ஏமாந்துபோவோம். 14 அடி நீளம், 7 அடி அகலமுள்ள பாடியில் ஓர் அங்குல ஆழமே 8 கன அடிக்கு மேல் வரும்.

அங்குலத்தை அடியாக்கும்போதும் கவனம் வேண்டும். 3 அடி 6 அங்குலம் என்பது 3.5 அடி, 3.6 அல்ல. 14 × 7 × 3.5 = 343 கன அடி, அதாவது 3.43 யூனிட். 3.6 என்று போட்டால் 352.8 வரும். இல்லாத பத்து கன அடி மணலுக்குப் பணம் போகும்.

இவ்வளவு சரியாக அளந்தாலும் ஈர மணல் கணக்கைக் குழப்பும். மணல் துகள்களைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் ஒட்டி, அவற்றை நெருங்கவிடாமல் தள்ளி நிறுத்துகிறது. எடையில் 5 சதவீத ஈரம் இருந்தாலே கன அளவு 25 சதவீதம்வரை உப்பிவிடும். பொடி மணலில் இன்னும் கூடும். முழுக்க நீரில் மூழ்கினால் படலத்தின் பிடி விட்டுப்போய், மணல் பழைய அளவுக்கே படிந்துவிடும்.

இதை வைத்தே சோதிக்கலாம். நேரான கண்ணாடி ஜாடியில் ஈர மணலை அழுத்தாமல் 20 செ.மீ. நிரப்புங்கள். அதைக் கொட்டிவிட்டு, ஜாடியில் பாதி தண்ணீர் ஊற்றி, அதே மணலைத் திரும்பப் போட்டுக் கிளறுங்கள். 16 செ.மீ.-க்குப் படிந்தால் உப்பல் 4/16, அதாவது 25 சதவீதம்.

கலவை போடும்போது இது முக்கியம். 50 கிலோ சிமென்ட் மூட்டை சுமார் 35 லிட்டர். உள்ளளவு 40 × 35 × 25 செ.மீ. உள்ள பெட்டி சரியாக அதைக் கொள்ளும். 1:5 கலவைக்கு அந்தப் பெட்டியால் ஐந்து பெட்டி உலர்ந்த மணல் போதும். மேலே சொன்ன ஈர மணல் என்றால் ஆறேகால் பெட்டி போட வேண்டும். ஜல்லிக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை.