குற்ற வழக்கு இருந்தால் அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்க முடியாதா?

நிற்கலாம். வழக்கில் சிக்கியவர் மட்டுமல்ல, குற்றவாளி என்று தீர்ப்பு வந்தவரும் நிற்கலாம். சிறையில் இருந்தபடியே கூட நிற்கலாம். 2024-ல் டொனால்ட் டிரம்ப் போட்டியிட்டு வென்றபோது, ஏதோ சட்ட ஓட்டையில் நுழைந்துவிட்டார் என்று பலர் நினைத்தார்கள். அப்படி எதுவும் இல்லை. அந்த நாட்டுச் சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அதிபராக வருகிறவருக்கு அமெரிக்க அரசியலமைப்பு வைத்திருக்கும் தகுதிகள் மூன்று. பிறப்பிலேயே குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும், 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், 14 ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும். இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்பதை 1951-ல் 22-வது திருத்தம் சேர்த்தது. வழக்கு, தண்டனை பற்றி அதில் ஒரு வரி கிடையாது. மாநிலங்கள் தாங்களாக ஒரு தகுதியைக் கூட்டிக்கொள்ளவும் வழியில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் விஷயத்தில் அது செல்லாது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிபர் பதவிக்கும் அதே நியாயம்தான் என்பது சட்டம் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் கருத்து.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. சோசலிஸ்ட் கட்சித் தலைவர் யூஜின் டெப்ஸ், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1918-ல் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் போரை எதிர்த்துப் பேசினார். உளவுச் சட்டத்தின் கீழ் அவருக்குப் பத்து ஆண்டு சிறை. 1920 தேர்தலில் அட்லாண்டா சிறையிலிருந்தே அதிபர் வேட்பாளராக நின்றார். ‘கைதி எண் 9653’ என்று அச்சிட்ட பேட்ஜை ஆதரவாளர்கள் சட்டையில் குத்திக்கொண்டு வாக்குக் கேட்டார்கள். ஒன்பது லட்சத்துக்கும் அதிகமானோர் அவருக்கு வாக்களித்தார்கள். அந்தத் தேர்தலில் வென்ற வாரன் ஹார்டிங்தான் 1921 கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார். டெப்ஸ் செய்த குற்றம் என்ன? அரசுக்குப் பிடிக்காததை மேடையில் பேசியது. தண்டனை பெற்றவர் நிற்கக் கூடாது என்று அன்று சட்டம் இருந்திருந்தால், அந்த ஒன்பது லட்சம் பேரின் குரலும் சேர்ந்தே அடைக்கப்பட்டிருக்கும்.

டிரம்ப் கதை வேறு. 2023-ல் அவர் மீது நான்கு குற்ற வழக்குகள் பதிவாயின. நியூயார்க் வழக்கில், வணிகக் கணக்குகளைப் பொய்யாகத் திருத்தியதாகச் சொல்லப்பட்ட 34 குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என்று 2024 மே 30-ல் நடுவர் குழு தீர்மானித்தது. தேர்தலில் வென்ற பிறகு, 2025 ஜனவரி 10-ல் நீதிபதி சிறையும் இல்லை, அபராதமும் இல்லை என்று வழக்கை முடித்தார். பத்து நாளில் பதவியேற்பு.

அப்படியானால் ஒருவரைத் தடுக்க வழியே இல்லையா? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பதவிநீக்க விசாரணை. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றவாளி என்று வாக்களித்தால், இனி எந்தப் பதவிக்கும் வரக் கூடாது என்று தனியாக ஒரு வாக்கெடுப்பில் தடை போடலாம். 2021 ஜனவரியில் நடந்த நாடாளுமன்றத் தாக்குதலைத் தூண்டியதாக டிரம்ப் மீது வந்த விசாரணையில், பிப்ரவரியில் 57 பேர் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். தேவைப்பட்டது 67.

இன்னொன்று, உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1868-ல் வந்த 14-வது திருத்தத்தின் மூன்றாம் பிரிவு. அரசியலமைப்பைக் காப்பதாக உறுதிமொழி எடுத்துவிட்டுக் கிளர்ச்சியில் இறங்கியவர் பதவி வகிக்கக் கூடாது என்கிறது அது. இதைக் காட்டித்தான் 2023 டிசம்பரில் கொலராடோ உச்ச நீதிமன்றம் டிரம்ப் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து நீக்கச் சொன்னது. 2024 மார்ச் 4-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். அதிபர் வேட்பாளர் மீது இந்தப் பிரிவைப் பாய்ச்சும் அதிகாரம் தனி மாநிலத்துக்கு இல்லை என்பது காரணம். அவர் கிளர்ச்சி செய்தாரா இல்லையா என்ற கேள்விக்குள் அந்த நீதிமன்றம் போகவே இல்லை.

நம் ஊர் விதியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். இந்தியாவில் எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தலுக்கு நிற்பவர் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால் தகுதி இழப்பார். விடுதலையான பிறகும் ஆறு ஆண்டு நிற்க முடியாது. சில குற்றங்களுக்கு இன்னும் கடுமையான விதி உண்டு. ஆனால் வழக்கு நிலுவையில் இருப்பது இங்கேயும் தடை இல்லை. குற்றச்சாட்டு பதிவானாலே தடுக்க வேண்டும் என்று கேட்டபோது, அது நாடாளுமன்றம் செய்ய வேண்டிய வேலை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. வேட்பாளர் தன் மீதுள்ள வழக்குகளைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரப்படுத்த வேண்டும் என்று மட்டும் சொன்னது.

வழக்கு இருந்தாலே தடை என்று வைப்பது ஆபத்து என்றே நான் உறுதியாக நம்புகிறேன். குற்றப்பத்திரிகை என்பது அரசுத் தரப்பு சொல்லும் ஒரு பக்கக் கதை. போலீசும் அரசு வழக்கறிஞரும் யார் கையில் இருக்கிறார்களோ, எதிரே யார் நிற்கலாம் என்பதையும் அவர்களே முடிவுசெய்துவிடுவார்கள். பிரேசிலைப் பாருங்கள். மேல்முறையீட்டிலும் தண்டனை உறுதியானவர் நிற்கக் கூடாது என்று 2010-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. வெறும் வழக்கை வைத்து அல்ல, இரண்டு நீதிமன்றங்களின் தீர்ப்பை வைத்துத் தடுக்கும் கவனமான சட்டம் அது. அதன்படி 2018-ல் முன்னாள் அதிபர் லூலா தடுக்கப்பட்டார். 2021-ல் அவர் தண்டனை ரத்தானது. முதலில் தண்டித்த நீதிபதி செர்ஜியோ மோரோ பாரபட்சமாக நடந்தார் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொன்னது. லூலா இல்லாத தேர்தலில் வென்ற போல்சனாரோவின் அமைச்சரவையில் அந்த மோரோ நீதி அமைச்சராக இருந்தவர்! 2022-ல் லூலா வென்று அதிபரானார். ஆனால் 2018 தேர்தலைத் திரும்ப நடத்த முடியாதே.

அமெரிக்காவில் என்னை உறுத்துவது டிரம்ப் நின்றது அல்ல. தேர்தல் முடிவை மாற்ற முயன்றதாக வாஷிங்டனில் அவர் மீது தொடுத்த வழக்கு, 2024 மார்ச் 4-ல் விசாரணைக்கு வர வேண்டியது. முன்னாள் அதிபருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டா என்ற கேள்வி எழுந்து அது நின்றுபோனது. உச்ச நீதிமன்றம் ஜூலை 1-ல்தான் பதில் சொன்னது. நவம்பர் 5-ல் மக்கள் வாக்களித்தபோது ஒரு சாட்சி கூட விசாரிக்கப்பட்டிருக்கவில்லை. வென்றதும், பதவியில் இருக்கும் அதிபர் மீது வழக்கு நடத்துவதில்லை என்ற நீதி அமைச்சகத்தின் பழைய நிலைப்பாட்டைச் சொல்லி வழக்கே திரும்பப் பெறப்பட்டது. வேட்பாளராகும் தகுதியை மாற்ற அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். அதற்கு 50 மாநிலங்களில் 38 சம்மதிக்க வேண்டும். வேட்பாளர் மீதுள்ள வழக்கை விரைந்து விசாரிக்கக் கெடு வைப்பதற்குச் சாதாரணச் சட்டமே போதும்.