மலை ஏறும் வண்டிக்கு சவுண்டு செட்டா? ஸ்பீக்கரைக் கடைசியில் வாங்குங்கள்

தார், ஜிம்னி, கூர்க்கா, எஸ்டேட்டில் ஓடும் பழைய ஜீப் என்று எது வந்து நின்றாலும், சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் கார் ஆடியோ கடை வாசலில் முதல் பேச்சு ஒன்றுதான்: "அண்ணா, கம்பெனி ஸ்பீக்கர்ல சவுண்டு பத்தலைங்க. பெருசா ஏதாவது போட்டு விடுங்க." பத்தவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஏன் பத்தவில்லை என்று யாரும் கேட்பதில்லை. நேராக ஸ்பீக்கர் பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட்ஸைப் பார்த்துப் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

இந்த வண்டிகளில் முதல் எதிரி இரைச்சல். கேன்வாஸ் கூரை காற்றில் அடித்துக்கொள்ளும், சேற்றில் ஓடச் செய்த எம்.டி. டயர் தார்ச்சாலையில் முனகிக்கொண்டே வரும், கதவுத் தகடோ மெல்லிசு. இத்தனைக்கும் நடுவில் பாட்டின் பேஸ், அதாவது கனமான அடித்தொனிதான், முதலில் காணாமல் போகும். ஏற்காடு ஏற்றத்தில் முப்பதில் போகும்போது நன்றாகக் கேட்ட அதே பாட்டு, பைபாஸில் தொண்ணூறைத் தொட்டதும் தகர சத்தமாகிவிடும். அதை ஈடுகட்ட வால்யூமை ஏற்றுவோம். அங்கேதான் வம்பு ஆரம்பிக்கிறது.

பெட்டியில் '300 வாட்ஸ்' என்று இருப்பது பெரும்பாலும் உச்சக் கணக்கு. ஒரு நொடிக்கும் குறைவான நேரம் தாங்குவதைப் போட்டிருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது தொடர்ச்சியாகத் தாங்கும் சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணை. கம்பெனி ஸ்டீரியோ ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ச்சியாகத் தரக்கூடியது சுமார் 15 முதல் 20 வாட்ஸ்தான். சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'டபுள்' என்று தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு சக்தி தேவை. அதனால் தனியாக ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வேண்டாம், ஸ்டீரியோவிலேயே ஓட்டிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு நான் சொல்வது, வாட்ஸை விட்டுவிட்டு சென்சிட்டிவிட்டியை, அதாவது ஒரே சக்தியில் எவ்வளவு சத்தம் தரும் என்ற டெசிபல் எண்ணைப் பாருங்கள் என்பதுதான். 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 93 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால், ஆம்புக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமலே நான்கு மடங்கு சக்தி கொடுத்த சத்தம் கிடைக்கும். கடைக்காரர்கள் பலர் இதைச் சொல்ல மாட்டார்கள். ஆம்ப் விற்பதில்தானே லாபம்!

ஸ்பீக்கர் கருகுவது சக்தி கூடுவதால்தான் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எங்கள் மேசைக்கு வரும் ட்வீட்டர்களில் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) நிறைய, சின்ன ஆம்பைக் கடைசி வரை முறுக்கியதால் போனவை. சக்தி தீர்ந்த ஆம்ப் ஒலி அலையின் தலையை வெட்டி அனுப்பும். அந்த வெட்டுப்பட்ட அலைதான் ட்வீட்டர் காயிலைச் சூடேற்றிக் கருக்கும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். மலை வண்டிக்கு இதுதான் பெரிய விஷயம்.

கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு. கண்ணாடியில் வழியும் மழை ரப்பரைத் தாண்டி உள்ளே இறங்கி, கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியேறும். அது கதவின் உட்பக்க அட்டையான டோர் பேடுக்கு வராமல் தடுக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருப்பார்கள். ஸ்பீக்கர் மாட்டுகிறவர் அவசரத்தில் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவார். ஐப்பசி மழை முடிந்ததும் ஏற்காட்டு நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் வண்டிகள் வரும். பேடைக் கழற்றினால் கதை அப்படியே தெரியும். ஸ்பீக்கரைத் தாங்க வைத்த எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வளையம் டீயில் முக்கிய பிஸ்கட் மாதிரி ஊதி, விரல் வைத்தாலே உதிரும். ஸ்க்ரூக்களைச் சுற்றித் துரு பூத்திருக்கும். காகிதக் கூம்பின் கீழ்ப் பாதி மட்டும் நிறம் மாறித் தொங்கும். சிலவற்றில் இரைச்சல் குறைகிறது என்று தகட்டின் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டை அடி ஓட்டைகள் மேலேயே ஒட்டியிருப்பார்கள். வண்டியைச் சாய்த்தால் கதவுக்குள் தண்ணீர் சளசளக்கும். அப்புறம் கதவே துருப்பிடிக்கும்.

ஆகவே வளையம் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். கூம்பு பாலிப்ரொப்பிலீனில் இருக்கட்டும். திறந்த ஜீப் என்றால் படகுக்குச் செய்யும் மரைன் ரக ஸ்பீக்கர் வாங்குங்கள். ஐபி65, ஐபி67 என்று போட்டிருப்பதில் முதல் எண் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 5 என்றால் பீய்ச்சி அடிப்பதைத் தாங்கும், 7 என்றால் சிறிது நேரம் மூழ்கினாலும் தாங்கும். கதவு ஸ்பீக்கருக்கு மேலே ஒரு ஃபோம் தொப்பி வைத்தால் உள்ளே ஒழுகும் நீர் காந்தத்தில் விழாது. அது சொற்ப விலைதான். டேம்பிங் ஷீட்டில் அலுமினிய முகம் வைத்த பியூட்டைல் ரப்பர்தான் வேண்டும். மலிவான தார் ஷீட் சேலத்துச் சித்திரை வெயிலில் இளகி வழிந்து, வண்டிக்குள் ரோடு போடும் நாற்றம் அடிக்கும்.

மஹிந்திரா தார் வண்டியில் கம்பெனிக்காரர்களே கூரையில் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள், தரையைக் கழுவி விட வடிகால் மூடியும் வைத்திருக்கிறார்கள். 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்றும் சொல்கிறார்கள். இவ்வளவும் சொல்லாமல் சொல்வது என்ன? தரை நனையும், தரையில் எதையும் வைக்காதே என்பதுதான். ஆனால் நம் ஆட்கள் ஆம்பைக் கொண்டுபோய் சீட்டுக்கு அடியில்தான் திணிப்பார்கள். பின்புறம் சுவரோடு உயரமாக, காற்றுப் படும்படி, உறுதியான பிராக்கெட்டில் மாட்டச் சொல்லுங்கள்.

வயரிங்கில்தான் நான் யாரோடும் சண்டை போடத் தயாராக இருக்கிறேன். ஸ்பீக்கர் கெட்டால் பாட்டு நிற்கும், அவ்வளவுதான். வயர் கெட்டால் வண்டியே எரியும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 75 வாட்ஸ் வீதம் நான்கு சேனல், மொத்தம் 300. இப்போது பரவலான, மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி ரக ஆம்ப் ஏறக்குறைய 80 சதவீதத் திறனில் ஓடும், எனவே பேட்டரியிலிருந்து 375 வாட்ஸ் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் 13.8 வோல்ட் என்று வைத்தால் 27 ஆம்பியர். இதற்கு 8 கேஜ் செம்பு வயரும் 40 ஆம்பியர் ஃப்யூஸும் போதும். செம்பு என்று அழுத்திச் சொல்கிறேன். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய வயர் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மின்சாரத்தைக் கடத்துவதோ செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஃப்யூஸ் ஆம்பைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்றத்தான். அதனால் அது பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். ஆம்பிலேயே ஃப்யூஸ் இருக்கிறது, போதும் என்று விட்டால், பேட்டரியிலிருந்து ஆம்ப் வரை நீளும் வயருக்குக் காவலே இல்லை. அந்த வயர் எஞ்சின் பக்கத்துத் தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. துளையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், எஸ்டேட் மண்ரோட்டுக் குலுக்கலில் தகட்டின் விளிம்பு வயரின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். ஒருநாள் செம்பு தகட்டைத் தொடும். அப்போது ஃப்யூஸ் சரியான இடத்தில் இருந்தால் அது மட்டும் போகும். இல்லையென்றால் வயர் முழுக்கச் சிவந்து எரியும்.

வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை இளகி வழுக்கிவிடும். வயர் நுனியில் லக் என்ற உலோக முனை வைத்து, கருவியால் நசுக்கி கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். கம்பெனி வயரை வெட்டாமல் அந்த மாடலுக்கான கப்ளர் (செருகும் இணைப்பு) வைத்து எடுத்தால் வாரண்டி பேச்சிலும் நீங்கள் தப்பிப்பீர்கள்.

இன்னொன்று. எஃப்.எம்.மில் கரகரப்பு வந்தால் ஸ்டீரியோவைத் திட்டாதீர்கள், முதலில் மேலே மாட்டிய மலிவு எல்.இ.டி. லைட்டை அணைத்துப் பாருங்கள். பாதி கேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

இவ்வளவும் செய்து நல்ல செட் போட்டாயிற்று. அடிவாரத்திலிருந்து மேலே ஏற்காடு போகும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அங்கே எதிர் வண்டியின் ஹாரன்தான் கண் மாதிரி. வளைவு வரும்போது வால்யூமைக் கையால் தேடாதபடி ஸ்டீரிங் பட்டனில் ம்யூட் வேலை செய்கிறதா என்று மாட்டும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மண்பாதையில் பாட்டை நிறுத்திவிட்டே ஓட்டுங்கள். அடித்தட்டில் கல் உரசுவதும், டயரில் காற்று இறங்குவதும் காதுக்குத்தான் முதலில் தெரியும். மேலே காட்டெருமை நடமாட்டம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை பொது இடத்தில் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படியே தடை இருக்கிறது. ஏரிக்கரையில் கதவைத் திறந்துவைத்துக் கச்சேரி நடத்துகிறவர்கள் அதையும் படித்துவிட்டு வரலாம்.

வெளிக்கடையில் மாட்டிய செட்டை பாலிசியில் எழுதாவிட்டால் திருட்டுக்கோ சேதத்துக்கோ பணம் வராது. பில்லை இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கொடுத்து எலெக்ட்ரிக்கல் அக்சஸரி என்று சேர்க்கச் சொல்லுங்கள். வழக்கமாகப் பொருளின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் வரும்.

வண்டியை எடுக்கும்போது கடை வாசலில் இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். பேலன்ஸை இடது, வலது என்று தள்ளிக் கேளுங்கள். நடுவில் வைத்ததும் பேஸ் குறைந்தால் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. அந்த ஸ்பீக்கர் வயரில் ஒன்றரை வோல்ட் செல்லை, ப்ளஸ்ஸோடு ப்ளஸ் சேரும்படி, ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே துள்ள வேண்டும், உள்ளே போனால் மாறியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை சத்தமாக வைத்து ஓட்டிவிட்டு வந்து, பானெட்டைத் திறந்து ஃப்யூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் வண்டியை அங்கேயே கடையில் விடுங்கள். இல்லையென்றால் பணத்தைக் கொடுங்கள், ஒரு மாதம் கழித்து ஸ்க்ரூக்களை இறுக்கிக்கொள்ள மறுபடி வாருங்கள். எங்கள் கடையில் அதற்குக் காசு வாங்குவதில்லை.