எக்டேசியா: திரும்பாத விரிவு

மருத்துவ அறிக்கைகளில் ‘எக்டேசியா’, ‘எக்டேசிஸ்’ ஆகியவை பெரும்பாலும் இன்னொரு சொல்லின் வாலாகவே வருகின்றன. தோலில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து சிவந்த இழைகளாகத் தெரிந்தால் அது டெலாஞ்சியெக்டேசியா; மூச்சுக்கிளைக் குழாய்கள் விரிந்துபோனால் பிராங்கியெக்டேசிஸ்.

கிரேக்க மொழியில் ‘எக்’ என்பது வெளியே என்றும், ‘டெய்னெயின்’ என்பது இழுத்து நீட்டுதல் என்றும் பொருள்படும். இந்த வினைச்சொல்லுக்குச் சமஸ்கிருதத்தின் ‘தன்’ என்னும் வேர் உறவுடையது. வீணையில் இழுத்துக் கட்டும் தந்திக்கு நாம் வழங்கும் பெயரும் அவ்வேரிலிருந்து வந்ததே. ஆகவே எக்டேசியாவின் உட்பொருள் வெறும் அகலம் அன்று, இழுபட்டு அகலுதல்.

இருட்டில் கண்ணின் பாவை விரிகிறது, வெளிச்சத்தில் சுருங்கிவிடுகிறது. அதை எக்டேசியா என்பதில்லை. சுவரே தன் உறுதியை இழந்து விரியும்போதுதான் பொதுவாக இப்பெயர் பொருந்தும். ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் ரெனே லேனெக் 1819இல் விவரித்த பிராங்கியெக்டேசிஸ் இதற்குத் தெளிவான சான்று. வெளியேறாமல் தேங்கும் சளியில் கிருமிகள் பெருகுகின்றன; அவற்றை அழிக்க வரும் வெள்ளணுக்கள் எலாஸ்டேஸ் என்னும் நொதியைச் சிந்த, அது குழாய்ச் சுவரின் மீள்தன்மை இழைகளையும் சேர்த்து அரித்துவிடுகிறது. எப்போதும் உட்புறமாகச் சுருங்க முயலும் நுரையீரல் திசு, தளர்ந்த அந்தச் சுவரைச் சுற்றிலுமிருந்து வெளிப்புறமாக இழுக்கிறது. விரிந்த குழாயில் சளி மேலும் தேங்குகிறது. தேங்கிய சளி மீண்டும் கிருமிகளை வளர்க்கிறது. பழைய கிரேக்கச் சொல் சொன்ன இழுப்பு இங்கே உண்மையாகவே நிகழ்வது எனக்கு வியப்பளிக்கிறது.

பெருந்தமனியில் கதை வேறு. வயிற்றுப் பகுதியில் அதன் விட்டம் சுமார் 2 செ.மீ.; 3 செ.மீ.யை எட்டினால் அனியூரிசம் என்பர், அதற்குக் குறைவான விரிவே எக்டேசியா. அனியூரிசம் என்ற சொல்லிலும் அகலம் என்னும் பொருள்தரும் ‘யூரிஸ்’ ஒளிந்திருக்கிறது. இரத்த அழுத்தம் மாறாவிட்டாலும், ஆரம் கூடக் கூடச் சுவர் தாங்க வேண்டிய இழுவிசை கூடுகிறது. விரிவு மேலும் விரிவுக்கே வழிவிடுகிறது.

ஏமாற்றும் சொல் ஒன்றும் உண்டு. அடெலெக்டேசிஸ் என்பதைக் கேட்டதும் இதுவும் ஏதோ விரிவுதான் என்று தோன்றும். ஆனால் ‘அடெலெஸ்’ என்றால் நிறைவுறாதது, எனவே அது நுரையீரலின் ஒரு பகுதி விரியாமல் சுருங்கிக் கிடக்கும் நிலையைக் குறிக்கிறது.