ஆப்பில் பழகியவருக்கு யார் சொல்வது? சுகவாழ்வு மையமும் எச்.ஐ.வி. சட்டமும்

டேட்டிங் ஆப்பால் யாருக்கும் பால்வினை நோய் வருவதில்லை. ஆணுறை இல்லாத உறவில்தான் பெரும்பாலும் தொற்றுகிறது. ஆனால் தொற்றிய பிறகு, உறவு கொண்ட துணைக்கும் சொல்லிப் பரிசோதிக்க வைப்பதில் ஆப் ஒரு சிக்கலைக் கூட்டுகிறது. 1999-இல் அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோவில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் பரவியபோது, ஓர் இணைய அரட்டை அறைதான் நோயாளிகளை இணைத்த கண்ணி என்று தெரிந்தது. துணையின் பெயரைக் கேட்டால், நோயாளிகளிடம் இருந்தது அரட்டைப் பெயர் மட்டுமே. இன்றும் அப்படித்தான்: அன்மேட்ச் செய்துவிட்டால், அதாவது ஆப்பில் தொடர்பைத் துண்டித்துவிட்டால், பேசியதும் போய்விடும், ஆளும் போய்விடுவார்.

சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது. மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். சரி, போய்விட்டது என்று நினைப்போம். கிருமி உடம்பிலேயே இருக்கும். தொடக்க நிலையில் பிடித்தால் பெனிசிலின் ஊசி ஒரே தவணையில் போதும். அதனால்தான் துணைக்குச் சொல்வதை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையம் இருக்கிறது. ஓ.பி. சீட்டு போடும்போது அந்தப் பெயரைச் சொன்னால் போதும். வரிசையில் நின்று நோயை விளக்க வேண்டியதில்லை. ஆலோசனை, பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம். துணைக்கும் அதே சிகிச்சை உண்டு. எச்.ஐ.வி. பரிசோதனை நம்பிக்கை மையத்தில் நடக்கும். எது எங்கே என்று தெரியாவிட்டால் எய்ட்ஸ் உதவி எண் 1097-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை.

எச்.ஐ.வி.க்குத் தனிச் சட்டம் உண்டு. 2017-இல் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுவாக, உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியிடவும் கூடாது. ஒரு விலக்கு: துணைக்குப் பெரிய ஆபத்து இருந்து, ஆலோசனைக்குப் பிறகும் நீங்கள் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தால், மருத்துவரோ ஆலோசகரோ முதலில் உங்களிடம் தெரிவித்துவிட்டுத் துணையிடம் சொல்லலாம். சொல்வதால் அடி உதையோ கைவிடப்படுவதோ நேரும் என்று அஞ்சும் நிலையில் உள்ள பெண்ணுக்கு இதில் பாதுகாப்பு உண்டு: அவருடைய துணையிடம் இப்படிச் சொல்லக் கூடாது.

ஆனால் துணையைத் தேடிக் கண்டுபிடிக்கும் கடமையை அந்தச் சட்டம் மருத்துவமனைமேல் சுமத்தவில்லை. ஆப்பில் சந்தித்தவரை எட்ட உங்களால் மட்டும்தான் முடியும். எனவே கணக்கை அழிக்குமுன் இப்படி ஒரு வரி அனுப்புங்கள்: “டெஸ்ட்ல எனக்கு ஒரு தொற்று இருக்குன்னு வந்திருக்கு. நீங்களும் ஒரு தடவை பார்த்துடுங்க. ஜி.எச்.ல சுகவாழ்வு மையம்னு கேளுங்க, காசு கிடையாது.”